நேரயனி–பை இடைவினையைக் கணினியில் கணக்கிடுதல்: பென்சீனும் சோடியம் அயனியும் முதல் புரதம் வரை

நேர்மின் அயனி ஒன்றைப் பென்சீன் போன்ற வளையத்தின் பை எலக்ட்ரான் மேகம் கவர்வதே நேரயனி–பை இடைவினை. பென்சீன் வளையத்தின் நடுவே, தளத்துக்கு மேலே ஒரு சோடியம் அயனி. மொத்தம் 13 அணுக்கள். கணினி வேதியியலில் இதைவிடச் சின்ன கணக்கு இல்லை என்று தோன்றும். ஆனால் ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குவது இந்த 13 அணுக்களில்தான். மென்பொருள்களில் முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும் அமைப்புகள் பெரும்பாலும் நடுநிலை மூலக்கூறுகளை மனத்தில் கொண்டவை. இங்கேயோ ஓர் அணு, இணைதிறன் எலக்ட்ரானே இல்லாமல் நிற்கிறது. மின்சுமை, அடிப்படைத் தொகுதி (ஆர்பிட்டல்களை விவரிக்கும் கணிதச் சார்புகளின் தொகுப்பு), உள்கூட்டு எலக்ட்ரான்கள், லண்டன் விசைத் (கணநேர முனைவுறுதலால் எழும் கவர்ச்சி) திருத்தம், கரைப்பான் என்று ஒவ்வொரு இடத்திலும் அந்த அமைப்புகள் அந்த ஓர் அணுவுக்குப் பொருந்துகின்றனவா என்று நாம்தான் பார்க்க வேண்டும்.

எனவே உங்கள் ஆய்வுக்குரிய பெரிய மூலக்கூறை முதல் நாளே எடுக்காதீர்கள். விடை தெரிந்த பென்சீன்–சோடியத்தை முதலில் முழுதாக முடியுங்கள். அதில் உங்கள் முறை தேறிய பிறகு மற்றவற்றுக்குப் போகலாம்.

1. எந்த ஆற்றல் வேண்டும் என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள்

‘பிணைப்பாற்றல்’ என்ற ஒரே சொல்லில் நான்கு வெவ்வேறு எண்கள் உலவுகின்றன.

இடைவினை ஆற்றல்: அணைவில் (இரண்டும் சேர்ந்த அமைப்பில்) உள்ள அதே வடிவத்தில் பென்சீனையும் அயனியையும் பிரித்துக் கணக்கிட்டு, அணைவின் ஆற்றலிலிருந்து கழிப்பது. பிணைப்பாற்றல்: பென்சீனைத் தனியே தளர விட்டு, அதன் சொந்த வடிவத்தில் கணக்கிட்டுக் கழிப்பது. இவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாடுதான் உருக்குலைவு ஆற்றல். பென்சீன்–சோடியத்தில் அது மிகச் சிறியது. நெளியும் பக்கச் சங்கிலிகள் கொண்ட மூலக்கூறில் அப்படி இராது.

மூன்றாவது, பூஜ்யப் புள்ளி அதிர்வாற்றலைச் சேர்த்த 0 கெல்வின் மதிப்பு. நான்காவது, 298 கெல்வினில் என்தால்பி அல்லது கிப்ஸ் ஆற்றல். சோதனை அளவீடுகள் கடைசி இரண்டு வகையில்தான் வரும். முதல் வகை எண்ணை எடுத்து மூன்றாவது வகை எண்ணோடு ஒப்பிட்டு, முறை தவறு என்று முடிவு கட்டும் மாணவர்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். எது வேண்டும் என்பதைக் குறிப்பேட்டின் முதல் வரியிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

2. தொடங்கும் முன் தேவையானவை

கல்விப் பணிக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓர்கா, திறந்த மூல மென்பொருளான சை4, வேகமான முதற்கட்டக் கணக்குகளுக்கு எக்ஸ்டிபி, வடிவம் வரைய அவகாட்ரோ. இந்த நான்கும் போதும். கட்டணம் செலுத்தி வாங்கும் காஸியன் உங்கள் துறையில் இருந்தால் அதிலும் இதே படிகள் செல்லும்.

பென்சீன் அளவிலான அடர்த்திச் சார்பியல் (டிஎஃப்டி: எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து ஆற்றலைப் பெறும் முறை) கணக்குகளுக்கு எட்டு கோர், 16 ஜிபி நினைவகம் உள்ள சாதாரணக் கணினி தாங்கும். சிசிஎஸ்டி(டி) என்ற உயர்துல்லியக் கணக்குக்கு மட்டும் கூடுதல் நினைவகமும் வட்டு இடமும் வேண்டும்.

ஒரு தாளில் இந்த மாற்று எண்களை எழுதிக் கண்முன் ஒட்டிக்கொள்ளுங்கள்: 1 ஹார்ட்ரீ = 627.51 கிலோகலோரி/மோல் = 2625.5 கிலோஜூல்/மோல். பிணைப்பாற்றல் என்பது மிகப் பெரிய இரண்டு எண்களின் மிகச் சிறிய வேறுபாடு. ஹார்ட்ரீ மதிப்புகளை ஆறு தசம இடம் வரையாவது எடுத்துக் கழியுங்கள். மூன்று இடத்தோடு நிறுத்தினால் அரை கிலோகலோரிக்கு மேல் அங்கேயே தொலைந்துவிடும்.

3. மின்சுமையும் ஸ்பின் பன்மையும்

மிகச் சாதாரணமான படி, ஆனால் மிக மோசமான தவறு இங்கேதான் நடக்கிறது.

பென்சீனுக்கு 42 எலக்ட்ரான்கள், சோடியம் அணுவுக்கு 11. மின்சுமையைப் பூஜ்யமாக விட்டால் 53, ஒற்றைப்படை. ஸ்பின் பன்மை 1 (இணையாத எலக்ட்ரான் இல்லை) என்று கொடுத்திருந்தால் மென்பொருள் உடனே நின்றுவிடும்: எலக்ட்ரான் எண்ணிக்கையும் பன்மையும் பொருந்தவில்லை என்று பிழைச் செய்தி வரும். அந்தச் செய்தியைப் படிக்கும் புதியவர் பன்மையை 2 என்று மாற்றிவிடுகிறார். கணக்கு ஓடுகிறது, முடிகிறது, எண்ணும் வருகிறது. ஆனால் கணக்கிட்டது சோடியம் அயனியை அல்ல, நடுநிலைச் சோடியம் அணுவை. அது பென்சீனோடு பலவீனமாகத்தான் ஒட்டும்.

மாற்ற வேண்டியது மின்சுமையை: +1, பன்மை 1, எலக்ட்ரான்கள் 52. சை4 போன்றவற்றில் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக மின்சுமை தர வேண்டும்: பென்சீனுக்கு 0, சோடியத்துக்கு +1. இவ்விரண்டையும் இடம் மாற்றிக் கொடுப்பதும் நடக்கிறது. கணக்கு முடிந்ததும் வெளியீட்டுக் கோப்பில் அணுக்களின் மீதான மின்சுமைப் பகிர்வைப் பாருங்கள். சோடியத்தின் மேல் +1-ஐ ஒட்டிய மதிப்பு நிற்க வேண்டும்.

4. தொடக்க வடிவத்தை ஒன்றோடு நிறுத்தாதீர்கள்

பென்சீனுக்கு இருமுனைத் திருப்புத்திறன் இல்லை. நான்முனைத் திருப்புத்திறன் உண்டு: வளையத் தளத்தின் மேலும் கீழும் எதிர்மின் பக்கம், விளிம்பில் ஹைட்ரஜன்களைச் சுற்றி நேர்மின் பக்கம். அயனியை வளையத்தின் தளத்திலேயே, பக்கவாட்டில் வைத்துத் தொடங்கினால் அது விலக்கப்பட்டுத் தொலைவுக்குப் போகும், அல்லது உகப்பாக்கம் (ஆற்றல் குறையும் திசையில் வடிவத்தைத் திருத்திச் செல்லும் கணக்கு) பல சுற்றுகள் வீணாக அலையும்.

வளைய மையத்திலிருந்து செங்குத்தாக வைக்க வேண்டிய தோராயத் தூரம்: லித்தியத்துக்கு 1.9, சோடியத்துக்கு 2.4, பொட்டாசியத்துக்கு 2.8 அல்லது 2.9 ஆங்ஸ்ட்ராம். அம்மோனியம் அயனியின் நைட்ரஜனுக்கு 3.0. டெட்ராமீத்தைல் அம்மோனியத்துக்கு 4.2 அளவில், மீத்தைல் தொகுதிகள் நைட்ரஜனை நெருங்க விடுவதில்லை.

பதிலீடு செய்த வளையங்களில் இன்னொரு சிக்கல் உண்டு. பீனாலில் ஆக்ஸிஜன், அனிலினில் நைட்ரஜன், பிரிடினில் வளைய நைட்ரஜன்: இவற்றின் தனி இணை எலக்ட்ரான்கள் அயனியைத் தம் பக்கம் இழுக்கும். வளையத்தின் மேல் ஒன்று, ஹெட்டரோ அணுவின் அருகே ஒன்று, இரண்டுக்கும் நடுவே ஒன்று என்று குறைந்தது மூன்று தொடக்கங்கள் தேவை. உகப்பாக்கம் முடிந்ததும் அயனி நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கிறதா என்று படத்தைத் திறந்து பாருங்கள். ஆற்றலை மட்டும் அட்டவணையில் ஏற்றிவிட்டு, பிறகு பார்த்தால் அயனி ஆக்ஸிஜனோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டுரைத் தலைப்பிலோ நேரயனி–பை என்று இருக்கும்.

சமச்சீர்மையையும் கவனியுங்கள். முழுச் சமச்சீர் வடிவில் தொடங்கினால் அயனியை மையத்திலிருந்து தள்ளும் விசையே எழாது. அது சேணப் புள்ளியாக (ஒரு திசையில் தாழ்நிலை, இன்னொரு திசையில் உச்சம்) இருந்தாலும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். பென்சீன்–சோடியத்துக்கு மையம்தான் உண்மையான தாழ்நிலை. அம்மோனியம் போன்ற பல அணு அயனிகளுக்குச் சமச்சீர்மையை அணைத்துவிட்டு, அயனியைச் சற்றே சாய்த்து வைத்துத் தொடங்குங்கள். அம்மோனியம் ஒரு ஹைட்ரஜனையோ இரண்டையோ மூன்றையோ வளையத்தை நோக்கி நீட்டலாம். இந்நிலைகளுக்கிடையே ஆற்றல் வேறுபாடு சிறியது என்பதால் மூன்றையும் முயன்றே ஆக வேண்டும்.

5. வடிவ உகப்பாக்கமும் அதிர்வெண்ணும்

நான் பரிந்துரைக்கும் தொடக்கம்: ஒமேகா-பி97எக்ஸ் குடும்பத்தின் ஒரு சார்பியல் (ஃபங்ஷனல்), அல்லது டி4 திருத்தத்தோடு பிபிஇ0, அடிப்படைத் தொகுதி டெஃப்2-டிஇசட்விபி. வடிவத்துக்கு இது போதும். ஆற்றலை அடுத்த படியில் உயர்ந்த முறையில் எடுக்கப்போகிறோம்.

டி3-க்குப் பதில் டி4 என்று ஏன் சொல்கிறேன்? லண்டன் விசைக்கான டி3 குணகங்கள் அணுவின் அண்டை எண்ணிக்கையைப் பார்க்கின்றன. அதன் மின்சுமையைப் பார்ப்பதில்லை. நடுநிலைச் சோடியம் அணு மிக எளிதில் முனைவுறும். வெளி எலக்ட்ரானை இழந்த சோடியம் அயனியோ கெட்டியானது, மிகக் குறைவாகவே முனைவுறும். அயனிக்கு நடுநிலை அணுவைச் சார்ந்த குணகத்தைப் போட்டால் லண்டன் விசை மிகையாகும். டி4 மின்சுமைக்கு ஏற்பக் குணகத்தைக் குறைக்கிறது. கரிம அயனிகளில் இந்த வேறுபாடு பெரிதல்ல; கார உலோக அயனிகளில் கவனிக்க வேண்டியது.

உகப்பாக்கம் முடிந்ததும் அதே முறையில், அதே தொகுதியில் அதிர்வெண் கணக்கு. முறையை மாற்றினால் அந்த வடிவம் புதிய முறையின் தாழ்நிலை அல்ல. வரும் அதிர்வெண்களுக்கும் பொருள் இல்லை.

கற்பனை அதிர்வெண் (அந்த அசைவின் திசையில் ஆற்றல் இன்னும் இறங்கும் என்பதன் அடையாளம்) ஒன்றும் இருக்கக் கூடாது. 50 செமீ⁻¹-க்குக் குறைவான ஒரு சிறு கற்பனை அதிர்வெண் அடிக்கடி எட்டிப் பார்க்கும். அயனி வளையத்தின் மேல் வழுக்கும் அசைவு மிகத் தட்டையான பரப்பில் நடப்பதே காரணம். எண்ணியல் கட்டத்தை நெருக்கமாக்குங்கள், உகப்பாக்க அளவுகோலை இறுக்குங்கள், அந்த அசைவின் திசையில் அணுக்களைச் சற்றுத் தள்ளி மீண்டும் ஓட்டுங்கள். எம்06-2எக்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். அது எண்ணியல் கட்டத்துக்கு மிகவும் கூருணர்வுள்ள சார்பியல்.

தனிச் சோடியம் அயனிக்கு அதிர்வும் இல்லை, சுழற்சியும் இல்லை. ஆனால் வெப்பத் திருத்தம் உண்டு: 298 கெல்வினில் என்தால்பிக்கு 5/2 ஆர்டி, அதாவது 1.48 கிலோகலோரி/மோல். என்ட்ரோபி, 1 வளிமண்டல அழுத்தத்தில், 35.3 கலோரி/மோல்-கெல்வின். ஒற்றை அணுவுக்கு என்ன இருக்கப்போகிறது என்று இதை விட்டுவிட்டால் கிப்ஸ் ஆற்றலில் பத்து கிலோகலோரியை ஒட்டிய பிழை வந்துவிடும்.

6. ஆற்றலை உயர்நிலை முறையில் எடுத்தல்: உறைந்த உள்கூடு

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் இரண்டு முறை படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

எம்பி2, சிசிஎஸ்டி(டி) போன்ற முறைகளில் உள்கூட்டு எலக்ட்ரான்களின் கோரிலேஷனை (எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தவிர்த்து இயங்குவதன் விளைவை) கணக்கில் சேர்க்காமல் ‘உறைய வைப்பது’ வழக்கம். கார்பனில் 1எஸ் உறையும், அதில் தவறில்லை. சோடியத்தில்? வேதியியல் வழக்கப்படி 1எஸ், 2எஸ், 2பி ஆகிய பத்து எலக்ட்ரான்களும் உள்கூடு. 3எஸ்-இல் உள்ள ஒன்றுதான் இணைதிறன் எலக்ட்ரான். அயனியில் அந்த ஒன்றும் போய்விட்டது. பத்தும் உறைந்தால் சோடியம் அயனியில் கோரிலேஷன் ஆற்றல் என்று எதுவுமே மிஞ்சாது. அதற்கும் பென்சீனுக்கும் இடையிலான லண்டன் விசையும் கணக்கிலிருந்து முழுதாக விழுந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. ‘மிக உயர்ந்த முறை’ என்ற பெயரோடு தவறான எண் வெளியே வரும்.

மென்பொருளுக்கு மென்பொருள் வழக்கம் மாறுகிறது. சிலவற்றில் சோடியத்துக்கு 1எஸ் மட்டுமே உறையும். சில, நேர்மின்சுமை இருந்தால் ஒரு கூட்டைத் தாமே விடுவிக்கும். சில பத்தையும் உறைய வைக்கும். கையேட்டை நம்பி நிற்காமல் வெளியீட்டுக் கோப்பில் உறைந்த ஆர்பிட்டல்களை எண்ணிப் பாருங்கள். பென்சீன்–சோடியம் அணைவில் சரியான எண் 7: கார்பன்களுக்கு ஆறு, சோடியத்தின் 1எஸ்-க்கு ஒன்று. 11 என்று இருந்தால் சோடியம் முழுதும் உறைந்துவிட்டது என்று பொருள். தனி அயனிக் கணக்கில் அது இன்னும் வெளிப்படையாகத் தெரியும்: கோரிலேஷன் ஆற்றல் சரியாகப் பூஜ்யம் என்று அச்சாகியிருக்கும்.

லித்தியத்தில் எதையும் உறைய வைக்கக் கூடாது. பொட்டாசியத்தில் 3எஸ், 3பி விடுபட வேண்டும்.

விடுவித்தால் மட்டும் போதாது. அந்த எலக்ட்ரான்களை விவரிக்கும் சார்புகளும் வேண்டும். வழக்கமான தொகுதிகள் இணைதிறன் கூட்டுக்காக அமைக்கப்பட்டவை. எனவே சோடியத்துக்கு மட்டும் உள்கூட்டுக்கான சிசி-பிடபிள்யூசிவிடிஇசட் தொகுதியைக் கொடுங்கள்; கார்பனுக்கும் ஹைட்ரஜனுக்கும் ஆக்-சிசி-பிவிடிஇசட். இந்தக் கலவை முறையற்றது அல்ல, தேவையானது. பென்சீனின் பக்கம் பரவல் சார்புகள் (அணுக்கருவிலிருந்து வெகுதூரம் பரவும் சார்புகள்) இருப்பதுதான் முக்கியம். அயனியின் மின்புலத்தில் பை எலக்ட்ரான் மேகம் எப்படி இழுபடுகிறது என்பதை அவைதான் சொல்கின்றன. நேரயனியின் எலக்ட்ரான்கள் இறுகியவை. அங்கே பரவல் சார்புகளுக்கு அவ்வளவு வேலை இல்லை.

ரூபிடியம், சீசியம் என்று போகும்போது டெஃப்2 தொகுதிகள் உள்கூட்டுக்குப் பதிலாக ஒரு பதிலீட்டு மின்னழுத்தத்தைப் பயன்படுத்துகின்றன. அது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மேல் கவலை வேண்டாம்.

பெரிய மூலக்கூறுகளுக்கு, சிசிஎஸ்டி(டி)-யின் வேகமான தோராய வடிவமான டிஎல்பிஎன்ஓ-சிசிஎஸ்டி(டி) உண்டு. சகப்பிணைப்பற்ற இடைவினைகளுக்கு அதன் இறுக்கமான வெட்டு அளவுகோலைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண அளவுகோலில், தொலைவில் உள்ள எலக்ட்ரான் இணைகள் கழித்துக்கட்டப்படுகின்றன. நாம் தேடுவதோ அந்த இணைகளைத்தான்.

7. கவுன்டர்பாய்ஸ் திருத்தம்

அணைவில் பென்சீன் தன் சார்புகளோடு சோடியத்தின் சார்புகளையும் இரவல் வாங்கிக்கொள்கிறது. தனியாக இருக்கும்போது அந்த வசதி இல்லை. அதனால் அணைவு இருக்க வேண்டியதைவிட நிலைத்தது போலத் தோன்றும். பாய்ஸ், பெர்னார்டி இருவரும் 1970-இல் முன்வைத்த தீர்வு: தனிக் கணக்கிலும் மற்றதன் சார்புகளைக் கொடுத்துவிடுவது. அணுக்கருவோ எலக்ட்ரானோ இல்லாத, சார்புகள் மட்டும் அமர்ந்த கோஸ்ட் அணுக்களாக அவற்றை வைக்கிறோம்.

மூன்று கணக்குகள், மூன்றும் அணைவின் வடிவத்தில்: முழு அணைவு, பென்சீன் + கோஸ்ட் சோடியம், மின்சுமை 0, சோடியம் அயனி + கோஸ்ட் பென்சீன், மின்சுமை +1. உறைந்த ஆர்பிட்டல்கள் முறையே 7, 6, 1. இந்த மூன்று எண்களே வருகின்றனவா என்று பார்ப்பது அரை நிமிட வேலை. மேலே சொன்ன உள்கூட்டுத் தவறு இந்த இடத்தில் கண்டிப்பாகப் பிடிபடும்.

இதில் கிடைப்பது இடைவினை ஆற்றல். பிணைப்பாற்றல் வேண்டுமென்றால் பென்சீனின் உருக்குலைவு ஆற்றலைத் தனியே, கோஸ்ட் இல்லாமல், கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். தளர்ந்த பென்சீனையும் கோஸ்ட் வைத்த பென்சீனையும் ஒரே கழித்தலில் கலப்பது அடிக்கடி காணும் பிழை.

8. சோதனை மதிப்போடு ஒப்பிடுதல்

இப்போது உங்களிடம் ஓர் எண் இருக்கிறது. எதோடு ஒப்பிடுவது?

அமிக்காஞ்சலோ, ஆர்மென்ட்ரவுட் இருவரும் 2000-இல் வெளியிட்ட, மோதலால் அணைவைப் பிளந்து அளந்த 0 கெல்வின் மதிப்புகள்: லித்தியம் 161, சோடியம் 93, பொட்டாசியம் 73 கிலோஜூல்/மோல். கிலோகலோரியில் 38.5, 22.1, 17.5. லித்தியத்தின் பிழை எல்லை 13 கிலோஜூலுக்கு மேல். சோடியத்துக்கு 6 அளவில்.

பழைய அட்டவணைகளில் சோடியத்துக்கு 28 கிலோகலோரி என்று ஒரு மதிப்பு இருக்கும். 6-31ஜி** தொகுதியில், கோரிலேஷனைச் சேர்க்காத ஹார்ட்ரீ–ஃபாக் கணக்கு 27 தரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் மாணவர், இவ்வளவு எளிய முறையே போதுமே, மற்றதெல்லாம் வீண் வேலை என்று நினைக்கிறார். அந்த ஒற்றுமை தற்செயல். சிறிய தொகுதியின் இரவல் பிழையும் ஹார்ட்ரீ–ஃபாக் மிகைப்படுத்தும் நிலைமின் கவர்ச்சியும் ஒரு பக்கம், பழைய அளவீட்டின் உயர்வு மறுபக்கம். தொகுதியைப் பெரிதாக்கி, திருத்தங்களைச் சேர்த்தால் எண் இறங்கும். கவனமாகச் செய்த கணக்கு சோடியத்துக்கு 22-க்கும் 25-க்கும் இடையில் நிற்க வேண்டும். 27-க்கு மேல் போனால் 7-ஆம் படிக்குத் திரும்புங்கள். 20-க்குக் கீழே போனால் பரவல் சார்புகளையும் உறைந்த உள்கூட்டையும் பாருங்கள்.

ஒரே ஓர் அயனியில் பொருந்திவிட்டது என்று நிறுத்தாதீர்கள். லித்தியம், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் அதே முறையில் செய்து, இறங்கும் போக்கு சரியாக வருகிறதா என்று பாருங்கள். தனி எண் தற்செயலாகப் பொருந்தலாம். மூன்றின் இடைவெளிகளும் தற்செயலாகப் பொருந்துவது அரிது.

9. தூர ஸ்கேன்

அயனியை 1.8 முதல் 8 ஆங்ஸ்ட்ராம் வரை செங்குத்தாக நகர்த்தி ஆற்றலை வரையுங்கள். தாழ்நிலைக்கு அருகில் 0.1 இடைவெளி, தொலைவில் 0.5 போதும்.

பலர் வளைவின் அடியை மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதன் வால்தான் முக்கியம், ஏனென்றால் அதைக் காகிதத்திலேயே சரிபார்க்கலாம். தொலைவில் இரண்டே பங்களிப்புகள்: மின்சுமைக்கும் நான்முனைக்கும் இடையே தூரத்தின் மூன்றாம் அடுக்கில் குறையும் கவர்ச்சி, மின்சுமை தூண்டும் இருமுனையால் நான்காம் அடுக்கில் குறையும் கவர்ச்சி. பென்சீனின் நான்முனைத் திருப்புத்திறன் சுமார் −8.7 டிபை-ஆங்ஸ்ட்ராம், அதாவது −1.81 எலக்ட்ரான் மின்சுமை-சதுர ஆங்ஸ்ட்ராம். தளத்துக்குச் செங்குத்தான முனைவுறுதிறன் சுமார் 6.5 கன ஆங்ஸ்ட்ராம்.

8 ஆங்ஸ்ட்ராமில் முதல் பங்கு: 332 × 1.81 ÷ 512 = 1.17 கிலோகலோரி. இரண்டாவது: 332 × 6.5 ÷ (2 × 4096) = 0.26. மொத்தம் 1.4-ஐ ஒட்டி. உங்கள் வளைவு அந்தத் தூரத்தில் இதற்கு அருகில் இல்லையென்றால் உள்ளீட்டில் எங்கோ கோளாறு. மேலே 3-ஆம் படியில் சொன்ன நடுநிலைச் சோடியத் தவறு இருந்தால் இங்கே எண் பூஜ்யத்தை ஒட்டிப் படுத்துவிடும். இந்தச் சூத்திரத்தை 2.4 ஆங்ஸ்ட்ராமில் போட்டுப் பார்க்காதீர்கள். அங்கே எலக்ட்ரான் மேகங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்திருக்கின்றன, புள்ளி மின்சுமைக் கணக்கு செல்லாது.

மக்னீசியம், கால்சியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகளுக்கு இந்த ஸ்கேன் ஆபத்தானது. மக்னீசியத்தின் இரண்டாம் அயனியாக்கும் ஆற்றல் 15.0 எலக்ட்ரான் வோல்ட், கால்சியத்தினுடையது 11.9, பென்சீனினுடையது 9.2 மட்டுமே. எனவே இரண்டும் வெகுதொலைவில் பிரியும்போது, பென்சீன் ஓர் எலக்ட்ரானை உலோகத்துக்குக் கொடுத்துவிட்ட நிலைதான் ஆற்றலில் தாழ்ந்தது. ஸ்கேனின் நடுவே வளைவு திடீரென மடங்கினால் அது மென்பொருள் பழுதல்ல. எலக்ட்ரான் இடம் மாறியிருக்கிறது. சோடியத்தின் முதல் அயனியாக்கும் ஆற்றல் 5.1 என்பதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

10. ஆற்றலைப் பங்கு பிரித்தல்

எவ்வளவு என்று தெரிந்த பிறகு ஏன் என்று கேட்க வேண்டும். அதற்கு சை4-இல் உள்ள சாப்ட் முறை: நிலைமின் கவர்ச்சி, பரிமாற்ற விலக்கம், தூண்டல், லண்டன் விசை என்று நான்காகப் பிரிக்கும்.

லித்தியம், சோடியத்தில் நிலைமின்னும் தூண்டலும்தான் பெரும்பகுதி. டெட்ராமீத்தைல் அம்மோனியத்துக்கு வரும்போது தூண்டல் சுருங்கி லண்டன் விசையின் பங்கு கணிசமாக ஏறும். இரண்டையும் நேரயனி–பை என்ற ஒரே பெயரால் அழைத்தாலும், சோடியத்துக்குத் தேர்ந்த முறை கரிம அயனிக்கும் தேறும் என்று கொள்ள முடியாததற்கு இதுவே காரணம்.

தூண்டலில் டெல்டா-ஹார்ட்ரீ–ஃபாக் எனப்படும் திருத்தம் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மின்புலம் பலமாக உள்ள இணைகளில் இரண்டாம் நிலைத் தூண்டல் மட்டும் போதவே போதாது. சாப்ட் கணக்கிலும் உறைந்த உள்கூட்டுக் கேள்வி திரும்ப வரும். சோடியம் முழுதும் உறைந்தால் லண்டன் பங்கு பூஜ்யமாகவே அச்சாகும்.

நிலைமின் அழுத்த வரைபடம் வரைகிறவர்களுக்கு ஒன்று: எல்லா மூலக்கூறுகளுக்கும் ஒரே அடர்த்திப் பரப்பு, வழக்கமாக 0.001 அணு அலகு. ஒரே நிற எல்லை. மென்பொருள் தானே தேர்ந்தெடுக்கும் நிற எல்லையில், புளூரோபென்சீனும் பென்சீனும் ஒரே சிவப்பாகத் தெரியும். படத்தை அளவுக்கு மேல் நம்பவும் வேண்டாம்: 1,3,5-டிரைபுளூரோபென்சீனின் நான்முனைத் திருப்புத்திறன் ஏறத்தாழப் பூஜ்யம், ஆனாலும் சோடியம் அதன் மேல் பிணைகிறது. அந்தப் பிணைப்பைத் தருவது தூண்டல். அது வரைபடத்தில் தெரியாது.

11. நீர்

வாயு நிலையில் 22 கிலோகலோரி கிடைத்ததும் தொடர்மக் கரைப்பான் மாதிரியை (கரைப்பானைத் தனி மூலக்கூறுகளாக அல்லாமல் தொடர்ச்சியான ஊடகமாகக் கொள்வது) சேர்த்து நீரில் என்ன ஆகிறது என்று பார்க்கத் தோன்றும். வெற்றுச் சோடியம் அயனிக்கு அதைச் செய்யாதீர்கள்.

சோடியத்தின் நீரேற்ற ஆற்றல் 100 கிலோகலோரியை ஒட்டியது. பென்சீன் நெருங்க வேண்டுமென்றால் அயனி தன் நீர் உறையில் ஒரு பகுதியைக் களைய வேண்டும். தொடர்மக் கரைப்பான் மாதிரியில் அந்த உறை, அயனிக்குக் கொடுக்கும் ஓர் ஆரமாகச் சுருங்கிவிடுகிறது. ஆரத்தைச் சற்று மாற்றினால் விடையும் பல கிலோகலோரி மாறும். முதல் உறையின் நீர் மூலக்கூறுகளை வெளிப்படையாக வைத்து, அவற்றைச் சுற்றித் தொடர்மத்தைப் போடுவதே குறைந்தபட்ச நேர்மை.

இதே காரணத்தால் வாயு நிலையின் வரிசையை நீருக்குக் கொண்டுபோகாதீர்கள். பொட்டாசியம் வாயு நிலையில் ஒரு பென்சீனோடும் ஒரு நீர் மூலக்கூறோடும் ஏறத்தாழ ஒரே பலத்தில் பிணைகிறது. அதனால் நீரை விட்டு வளையத்துக்கு வர அதற்குத் தடை குறைவு. லித்தியமும் சோடியமும் நீரை விடுவதில்லை.

கரிம அயனிகளுக்குத் தொடர்ம மாதிரி ஓரளவு நம்பத்தக்கது. கேலிவன், டவுர்ட்டி இருவரும் 2000-இல் செய்த கணக்கில் மீத்தைல் அம்மோனியம்–பென்சீன் கவர்ச்சி நீரில் சுமார் 5.5 கிலோகலோரி, மீத்தைல் அம்மோனியத்துக்கும் அசிட்டேட்டுக்கும் இடையிலான உப்புப் பாலம் நீரில் 2.2-ஆகச் சுருங்கிவிட்டது. வாயு நிலையில் உப்புப் பாலம் பல மடங்கு பலமானது. புரதப் பரப்பில் எது நிலைக்கும் என்று பேசுமுன் இந்தத் தலைகீழ் மாற்றத்தை மனத்தில் வையுங்கள்.

கிப்ஸ் ஆற்றலில் மறக்கக் கூடாதது: மென்பொருள் தருவது 1 வளிமண்டல நிலை. கரைசலுக்கு 1 மோலார் நிலை வேண்டும். இரண்டு சேர்ந்து ஒன்றாகும் வினையில் இது 298 கெல்வினில் 1.89 கிலோகலோரி அளவுக்குப் பிணைப்புக்குச் சாதகமாகத் திரும்பும்.

12. புரதத்திலிருந்து மாதிரி வெட்டுதல்

பெரும்பாலோர் கடைசியில் வந்து சேரும் இடம் இது: ஒரு படிக அமைப்பில் லைசின் அல்லது அர்ஜினின், அதன் எதிரே டிரிப்டோஃபான், டைரோசின் அல்லது ஃபீனைல் அலனின்.

பக்கச் சங்கிலியை வெட்டி ஹைட்ரஜனால் மூடுங்கள். லைசினுக்கு மீத்தைல் அம்மோனியம், அர்ஜினினுக்கு மீத்தைல் குவானிடினியம், ஃபீனைல் அலனினுக்கு டொலுவின், டைரோசினுக்குப் பாரா-கிரெசால், டிரிப்டோஃபானுக்கு 3-மீத்தைல் இண்டோல். அர்ஜினினின் தட்டையான குவானிடினியம், எதிரே உள்ள வளையத்துக்கு இணையாகவும் படுக்கும், செங்குத்தாகவும் நிற்கும். வாயு நிலையில் செங்குத்து வெல்வதைப் பார்த்துவிட்டு, புரதத்தில் இணையாக இருப்பதைத் தவறு என்று எண்ண வேண்டாம். அங்கே அதன் மற்ற ஹைட்ரஜன்களுக்கு வேறு பிணைப்புகள் இருக்கின்றன.

கன அணுக்களை அப்படியே கட்டிவைத்து ஹைட்ரஜன்களை மட்டும் உகப்பாக்குங்கள். எக்ஸ்-கதிர் அமைப்பில் ஹைட்ரஜன்களின் இடம் பெரும்பாலும் மென்பொருள் வைத்ததுதான், அளந்ததல்ல. முழுவதையும் தளர விட்டால், புரதம் பிடித்துவைத்திருந்த வடிவம் கலைந்து, வாயு நிலைத் தாழ்நிலைக்கு ஓடிவிடும். பிறகு நீங்கள் கணக்கிடுவது புரதத்தைப் பற்றியதாக இராது. இங்கே இடைவினை ஆற்றல்தான் கேட்க வேண்டிய எண், பிணைப்பாற்றல் அல்ல.

அடுத்து மூலக்கூறு இயக்கவியலுக்குப் போகிறீர்கள் என்றால், நிலையான மின்சுமை கொண்ட வழக்கமான விசைப்புலங்களில் (அணுக்களுக்கிடையிலான விசைகளைத் தரும் எளிய சூத்திரத் தொகுப்புகளில்) தூண்டல் என்ற உறுப்பே கிடையாது. 10-ஆம் படியில் பார்த்த பங்குகளில் ஒரு பெரும் பங்கு அங்கே வெறுமனே இல்லை. ஆகவே ஓட்டத்தைத் தொடங்குமுன், நீங்கள் வெட்டிய அதே மாதிரிக்கு அந்த விசைப்புலத்தில் ஒரு தூர ஸ்கேன் எடுத்து, 9-ஆம் படியில் செய்ததுபோல குவாண்டம் வளைவின் மேல் வைத்துப் பாருங்கள். பள்ளத்தின் ஆழம் பல கிலோகலோரி குறைவாக இருந்தால் ட்ரூட் அல்லது அமீபா போன்ற, முனைவுறுதலைக் கணக்கில் கொள்ளும் விசைப்புலத்துக்கு மாறுங்கள்.